மஞ்சள் பட்ட கையுறை

போளூரிலிருந்து மலைக்கு ஏறும் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில் மனம் அமைந்து உட்கார்ந்திருப்பது அதனினும் அரிது. அன்று காலை அஃப்ராவுக்கு முன்னது வாய்த்தது, பின்னது வாய்க்கவில்லை. மடியில் ஒரு பையை அணைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். பைக்குள் ஓர் இணை வெள்ளைக் கையுறை இருந்தது. வாணியம்பாடியில் ஒரு தோல் கிடங்கின் பின்கட்டில் குத்துச்சண்டைக் கூடம் நடத்திவரும் அவள் தந்தை பாஷா, மகளுக்கென்றே தம் கையால் தைத்துக் கொடுத்த கையுறை அது. அவர் பக்கத்திலேயே கண்களை மூடியபடி அமர்ந்திருந்தார். உறங்கவில்லை. பேச விருப்பமில்லாத வேளைகளில் அவர் அப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வார்.

முன் இருக்கையில் இருவர் வழக்காடிக்கொண்டு வந்தனர். ஒருவர் சிங்காரம், மலைமேல் தேன்பாறை என்னும் ஊரின் பெரியவர். அவர் மடியிலிருந்த கூடையில் பெரிய ரோசா மாலையும் மஞ்சள்தூள் பொட்டலங்களும் இருந்தன. மற்றவர் அவ்வூரிலேயே டீக்கடை வைத்திருக்கும் சேட்டு.

"தோத்திருக்காளா? அத்த மட்டும் சொல்லு. ஒரு தபா, ஒரே ஒரு தபா தோத்திருக்காளா எங்க அமுதவல்லி?" என்றார் சிங்காரம்.

"தோக்கல."

"அப்பறம் இன்னா?"

"தோக்கலன்றது வேற, ஜெயிச்சான்றது வேறண்ணா. ஆளே இல்லாத வூட்ல பூந்தா நான்கூடதான் நாட்டாம பண்ணுவேன்."

"டேய், டீயில தண்ணி கலக்கற மாதிரி பேச்சுலயும் கலக்காத."

பேருந்தில் நாலைந்து பேர் சிரித்தனர். சேட்டு அதற்கெல்லாம் அசைகிறவர் அல்லர்.

"சிரிங்க, சிரிங்க. ஸ்டேட்டு பைனலு மூணு ஆடுனா. மூணுலயும் எதிர்ல வரவேண்டிய பொண்ணு உள்ளயே வரல. யாருன்னு பாத்தா, இவகூடவே பழகுன வாணியம்பாடிப் பொண்ணு. வழிவுட்டுச்சாம்! சரி, டெல்லிக்குப் போய் மோதுடின்னா, காய்ச்சல்னு படுத்துக்கினா. இப்ப 'தோக்காமலே வுட்டுட்டேன்'னு வந்து நிக்கறா. அதுக்கு மாலை, மேளம்!"

"காய்ச்சல் வந்தா படுக்காம இன்னா பண்ணுவாங்க? ஏண்டா, எங்க மாடு ராக்கெட்டு எத்தினி தெருவுல ஓடுச்சி? அதுகூட யாரு மோதுனாங்க? தனியா ஓடுச்சி, தனியா ஜெயிச்சுது. அதும் போட்டோவ நீயேதான கடையில மாட்டி வச்சிகீற?"

"மாடு கடிகாரத்தோட ஓடுது. இவ யாரோட ஓடுனா?"

சிங்காரம் கூடையிலிருந்த மாலையைத் திருத்தி வைத்தார். அஃப்ரா தலையைத் திருப்பி வெளியே பார்த்தாள். வழிவிட்ட வாணியம்பாடிப் பெண் தங்கள் முதுகுக்குப் பின்னாலேயே அமர்ந்திருக்கிறாள் என்பது அவ்விருவருக்கும் தெரியாது.

பாஷாவின் கூடத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. ஒரே கூடத்துப் பிள்ளைகள் இருவர் இறுதி ஆட்டத்தை எட்டிவிட்டால் அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் விலகிக்கொள்ள, மற்றவர் வாகை சூடுவார். ஐம்பது கிலோ எடைப் பிரிவில் அஃப்ராவும் அமுதவல்லியும் மூன்று ஆண்டுகள் அவ்வாறு எதிரெதிரே வந்தனர். மூன்று முறையும் விலகச் சொல்லப்பட்டவள் அஃப்ராவே. 'சொந்தப் பொண்ண ஜெயிக்க வச்சிக்கினான்னு ஒரு வாய் பேசக்கூடாது' என்பது பாஷா கூறிய காரணம். ஒவ்வொரு முறையும் அமுதவல்லி தனியாகக் குத்துச்சண்டை வளையத்துக்குள் நிற்பாள். நடுவர் அவள் கையைத் தூக்கிக் காட்டுவார். அஃப்ரா கீழே நாற்காலியில் அமர்ந்து கைதட்டுவாள்.

கிடங்கில் இருவரும் பயிற்சிக்காக மோதிக்கொண்டது எண்ணி முடியாதது. சில நாள் அமுதவல்லியின் கை ஓங்கும், சில நாள் அஃப்ராவின் கை ஓங்கும். பயிற்சியில் கணக்கில்லை என்பது பாஷாவின் மற்றொரு விதி. ஆகவே யார் வல்லவர் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. இப்பொழுது அமுதவல்லி, காரணத்தைத் தெளிவாகச் சொல்லாமலே, போதும் என்று விலகிவிட்டாள். மழைக்காலத்துக்கு முன் மாநிலப் போட்டி வரும். அஃப்ரா தங்கம் வென்றாலும், 'அவ போனா, அதனால இவ வந்தா' என்றுதான் உலகம் சொல்லும். உலகம் சொன்னால் போகட்டும். அவளே தனக்குள் சொல்லிக்கொள்வாளே!

அந்த வேளையில்தான் அமுதவல்லியின் குரல் கைப்பேசியில் வந்தது. "ஊர்ல எனக்கு விழா எடுக்கறாங்கடி. கிளவுஸ் எடுத்துக்கினு வா. ஒரு ரவுண்டு கீது, நீயும் நானும்." அதைக் கேட்ட நாள்முதல் அஃப்ராவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஒரே ஒரு சுற்று. அது போதும். தெரிந்துவிடும்.

தேன்பாறையில் பேருந்து நின்றதும் பாஷா இறங்கி, "சிங்காரம்ன்றவர் வூடு எதுங்க?" என்று கேட்டார். கூடையோடு இறங்கிய பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் சிங்காரம். நீங்க... மாஸ்டரா? போன்ல பேசுனோமே! அப்ப இந்தப் பொண்ணு..."

"எம் பொண்ணு, அஃப்ரா."

சேட்டு சர்க்கரை மூட்டையைத் தோளில் ஏற்றப் போனவர், அப்படியே கீழே வைத்தார். "அம்மா, பஸ்ல பேசுனது எல்லாம் பொதுவா பேசுனதும்மா. உன்ன வச்சி இல்ல."

"பரவால்ல அண்ணா. எனக்கும் அதே சந்தேகம்தான்," என்றாள் அஃப்ரா. சிங்காரம் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்.

ஊர்க் களத்தின் நடுவே நான்கு கம்பங்கள் நட்டு, மாட்டுக் கயிறுகளை முறுக்கி மூன்று வரிசையாகக் கட்டியிருந்தனர். தரையில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. களத்தின் ஓரத்தில், புளியமரத்தடியில், கொம்புக்கு வண்ணம் பூசிய வெள்ளைக் காளை ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இதாம்மா ராக்கெட்டு," என்று சிங்காரம் அதன் முதுகைத் தட்டினார். "மாடு வுடற திருவிழாவுல இது ஓடி முந்தாத ஊர் இல்ல. போன தையில நடை வுட்டு உக்காத்தி வச்சிட்டோம்."

"நடைன்னா?"

அவர் வியப்போடு அவளைப் பார்த்தார். "மாஸ்டர் சொல்லலியா? தோக்காத மாட்ட நிறுத்தறப்போ எங்க ஊர்ல கடைசியா ஒரு நடை வுடுவோம். மூஞ்சிக்கு மஞ்சள் பூசி, தெருவுல மஞ்சத் தண்ணி தெளிச்சி, ரெண்டு பக்கமும் ஊரே நிக்கும். மாடு மூணு சுத்து நடக்கும், ஓட்டமெல்லாம் கெடையாது. நடுவுல ஒருத்தர் துண்டோட மறிச்சி நிப்பாரு. மூணாவது சுத்துல துண்ட மாட்டும்மேல போட்டுட்டு வழிவுடுவாரு. அவ்ளோதான்."

"யாரு மறிப்பாங்க?"

"ரெண்டாவதா வந்த மாட்டுக்காரர்தான். வேற யாரு மறிச்சாலும் அதுல மரியாத இல்ல." சிங்காரம் கனிவோடு அவள் தலையைத் தொட்டார். "இன்னிக்கி நீதாம்மா மறிக்கறவ. வெளியூர்ப் பொண்ணுக்கு எங்க ஊர்ல இதுவரிக்கும் இந்த மரியாத குடுத்ததே இல்ல."

அவர் சொன்னதில் வஞ்சகம் ஏதும் இல்லை. உண்மையான பெருமிதமே இருந்தது. அஃப்ரா தந்தையைத் திரும்பிப் பார்த்தாள். பாஷா காளையின் கொம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, உங்களுக்குத் தெரியுமா?"

"போன்ல சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட." அவர் குரல் தாழ்ந்தது. "அரே, ஒரு அஞ்சு நிமிஷம் பேட்டா. அவ ஊரு, அவ விழா. நீ வெலகி நின்னா உனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

என்ன குறைந்துவிடும் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே மூன்று முறை குறைந்ததன் பெயர் தெரிந்தால்தானே நான்காவது முறைக்குச் சொல்ல முடியும்?

அமுதவல்லியின் வீட்டில் அவள் தாய் மாணிக்கம்மாள் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் பரிமாறினாள். அஃப்ராவின் இலையில் மட்டும் சோறு மலைபோல் குவிந்தது. "துன்னு கண்ணு. எம் பொண்ணுக்கு எப்பவும் வழிவுட்ட பொண்ணு நீதானாமே. ஒரு வயித்துல பொறந்திருந்தாகூட இப்பிடி வுட்டுக்குடுக்க மாட்டாங்க." அஃப்ரா பாதிச் சோற்றோடு இலையை மடித்தாள்.

கை கழுவும் சாக்கில் அவள் கொல்லைப்புறம் சென்றாள். அமுதவல்லி அங்கே கல்லின்மேல் அமர்ந்து கைகளுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு இடையே, மணிக்கட்டைச் சுற்றி, மறுபடியும் விரல்களுக்கு இடையே. மெய்யாகவே மோதப் போகிறவள் சுற்றும் சுற்று அது. நடைக்குப் போகிறவளுக்கு இத்தனை இறுக்கம் எதற்கு?

"ரவுண்டுன்னு சொன்ன. நடைன்றாங்க," என்றாள் அஃப்ரா.

"ஊருக்கு நடை."

"உனக்கு?"

"ரவுண்டு." பட்டையின் முனையைப் பல்லால் கடித்து இழுத்தாள். "உனக்கு இன்னான்னு நீயே முடிவு பண்ணிக்க."

"இன்னாடி இது, விடுகதையா? நேரா பேசு. நெசமா மோதணுமா, வேணாமா?"

"நேரா பேசத்தான் முடியல." அமுதவல்லி தலை நிமிர்ந்தாள். "எல்லாரும் தோக்காதவ தோக்காதவன்னு சொல்றாங்க. ரிங்குல தனியா நின்னு கைய தூக்கிக் காட்டுனா, அதுக்குப் பேரு இன்னாடி? எனக்கும் தெரிஞ்சிக்கணும்னு தோணுது. தெரிஞ்சிட்டா இன்னா பண்றதுன்னும் பயமாகீது. காலையில எழுந்தா மோதணும்னு கீது, அம்மா மஞ்சள் அரைக்கறத பாத்தா வேணாம்னு கீது. அதான் உன்ன வரச்சொன்னேன்."

"நானே கொழம்பிப் போய் வந்துகீறேன். என்னப் போய் முடிவு பண்ணச் சொல்றியே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பிற்பகலில் மேளம் முழங்கியது. ஊர் மக்கள் அனைவரும் களத்தைச் சூழ்ந்து நின்றனர். சிங்காரம் மாலை அணிவிக்க, மாணிக்கம்மாள் மகளின் முகத்தில் மஞ்சளைக் குழைத்து நெற்றி, கன்னம், மூக்கு, மோவாய் எங்கும் தடித்துப் பூசினாள். பிறகு பெண்கள் இருவர் இரண்டு குடங்களில் கலக்கி வைத்திருந்த மஞ்சள் நீரை, வழக்கப்படியே, பாதையெங்கும் ஊற்றினர். பாஷா கையை நீட்டித் தடுப்பதற்குள் இரண்டு குடமும் காலியாகிவிட்டன. மண் தரையாய் இருந்திருந்தால் அந்நீரை மண் குடித்திருக்கும். தார்ப்பாய் என்ன செய்யும்? இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டைகள் தேங்கின. பாஷா ஒரு கோணியை வாங்கித் தாமே குனிந்து துடைத்தார். துடைத்த இடம் காய்ந்ததா, பரவியதா என்பது கேள்வி.

நடுவர் அவரே. அஃப்ரா வெள்ளைக் கையுறை அணிந்து, தோளில் துண்டோடு நடுவில் நின்றாள். அமுதவல்லி மாலையைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, சிவப்புக் கையுறையோடு கயிற்றோரமாக நடக்கத் தொடங்கினாள். முதல் சுற்றில் பெண்கள் குலவை இட்டனர். இரண்டாவது சுற்றில் புளியமரத்தடியிலிருந்து ராக்கெட் ஒரு குரல் கொடுக்கவே, ஊரே ஆரவாரித்தது. மூன்றாவது சுற்றில் அமுதவல்லி திரும்பி நேராக அஃப்ராவை நோக்கி வந்தாள்.

"துண்டப் போடும்மா!" என்றார் சிங்காரம்.

பாஷா மெதுவாக, "பேட்டா," என்றார்.

அஃப்ரா துண்டைத் தோளிலிருந்து தள்ளினாள். அது அமுதவல்லியின்மேல் விழவில்லை. கீழே, நீரில் விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, இடது காலை முன்வைத்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

மேளக்காரரின் குச்சி அந்தரத்தில் நின்றது. அமுதவல்லியின் மஞ்சள் முகத்தில் ஏதோ ஒன்று தோன்றியது. அது மகிழ்ச்சியா, அச்சமா என்று அஃப்ராவால் பிரித்தறிய இயலவில்லை, அத்தனை மஞ்சள். பிறகு சிவப்புக் கையுறைகளும் உயர்ந்தன.

"வா," என்றாள் அமுதவல்லி.

"ஏய், வழிவுடு! வழிவுடும்மா!" என்று சிங்காரம், காளைக்கு முன்னால் நிற்பவரை எச்சரிப்பதுபோல் கூவினார்.

முதல் குத்து அமுதவல்லியுடையது. அஃப்ராவின் நெற்றியோரத்தில் பட்டுத் தெறித்தது. விளையாட்டுக் குத்தன்று அது. அடுத்ததை அஃப்ரா கையால் தட்டிவிட்டு விலாவில் ஒன்று கொடுத்தாள். அமுதவல்லி மூச்சை வெளியே விட்ட ஓசை அவளுக்குக் கேட்டது. கிடங்கில் எத்தனையோ நாள் கேட்ட ஓசைதான். ஆனால் இன்று அதற்கு வேறு எடை இருந்தது. இருவரும் சுற்றினர். நீரில் கால்கள் சளப்சளப்பென்றன. அமுதவல்லி வலக்கையை வீசி உள்ளே வந்தாள். அஃப்ரா சற்றே சாய்ந்து, இடக்கையை நேராக விட்டாள்.

கை எதையோ தொட்டது. அதே நொடியில் அமுதவல்லியின் முன்கால் சறுக்கிற்று. அவள் ஒரு முழங்காலில் விழுந்து, பக்கவாட்டில் சரிந்து, மஞ்சள் நீரில் கன்னம் தோயக் கிடந்தாள்.

குத்துப்பட்டு விழுந்தால் நடுவர் எண்ண வேண்டும். வழுக்கி விழுந்தால் எண்ணக் கூடாது. பாஷா ஒரு விரலை உயர்த்தினார். "ஒண்ணு" என்று அவர் வாய் தொடங்கியது; முடிக்கவில்லை. விரல் உயர்ந்தது உயர்ந்தபடியே நின்றது.

அஃப்ரா என்ன செய்தாள் என்பதை அவளே பிறகுதான் உணர்ந்தாள். கிடங்கில் யார் விழுந்தாலும் மற்றவள் கைகொடுத்துத் தூக்கிவிடுவது பழக்கம். அந்தப் பழக்கத்தில் இடக்கையை நீட்டிவிட்டாள். அமுதவல்லி அக்கையையே பற்றிக்கொண்டு எழுந்தாள். எழும்போது தடுமாறி அதன்மேல் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினர்.

"பட்டுச்சி! மூக்குல பட்டுச்சி!" என்று சேட்டு கயிற்றுக்குள் தலையை நுழைத்தார். "கிளவுஸப் பாருங்க, மஞ்சளு ஒட்டிகீது!"

வெள்ளைக் கையுறையின் முட்டிப் பகுதியில் மஞ்சள் படிந்திருந்தது உண்மையே.

"தூக்கிவுட்ட கைடா அது!" என்றார் சிங்காரம். "மூஞ்சே அதும்மேல சாஞ்சிது. தரையிலயும் மஞ்சளு, துண்டுலயும் மஞ்சளு, உங் கண்ணுலயும் மஞ்சளு. வழுக்கி வுயுந்தா. மாடு தடுக்கி வுயுந்து எழுந்தா ஓட்டம் செல்லுமா, செல்லாதா? செல்லும்!"

"மாட்ட யாரு குத்துனாங்க? நீயே பாதையில தண்ணிய ஊத்தி வச்சிட்டு வழுக்கிச்சின்னா?"

"வழக்கம்டா!"

"மாட்டுக்கு கொளம்பு கீது. இதுக்கு ஷூதான கீது!"

அப்போது மேளக்காரர் ஒருவர், "நடுவர் அவருதான? அவரையே கேளுங்க," என்றார். கூட்டம் முழுதும் பாஷாவின் பக்கம் திரும்பியது.

பாஷா விரலைத் தாழ்த்தினார். "நான் பாக்கலங்க," என்றார். "அந்த நேரத்துல எம் பொண்ணு மூஞ்சப் பாத்துக்கினு இருந்தேன்."

இத்தனை ஆண்டுகளில் வளையத்துக்குள் அவர் தம் மகளின் முகத்தைக் கவனித்தது அதுவே முதல் தடவை போலும். அதற்காக மகிழ்வதா, வருந்துவதா என்று அஃப்ராவுக்குத் தெரியவில்லை.

"நீயே சொல்லுடி," என்று சிங்காரம் அமுதவல்லியிடம் திரும்பினார். "பட்டுச்சா, வழுக்குச்சா?"

அமுதவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கின்மேல் மஞ்சள் இல்லை, கன்னத்திலும் இல்லை, தோய்ந்ததில் எல்லாமே கரைந்திருந்தது. "ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துச்சி பெரியப்பா. எது மொதல்லன்னு எனக்கே தெரியல."

பிறகு அஃப்ராவைக் கேட்டனர். அவள் தன் இடக்கையை மடக்கிப் பார்த்தாள். ஏதோ பட்டது, அது முகமா, தோளா, உயர்ந்து வந்த சிவப்புக் கையுறையா? கை சாட்சி சொல்ல மறுத்தது. "தெரியலங்க," என்றாள்.

அதற்குள் மாணிக்கம்மாள் கயிற்றைத் தூக்கி உள்ளே வந்து, இருவரையும் இரு கையால் அணைத்துக்கொண்டாள். "ஏன் இத்தினி ஆராய்ச்சி? எம் பொண்ணு வேணும்னேதான் வுயுந்தா. எத்தினி வருசம் அந்தப் பொண்ணு வழிவுட்டுச்சி! இன்னிக்கி ஒரு தபா இவ வழிவுட்டா. எனக்குத் தெரியாதா எம் பொண்ணப் பத்தி?"

கூட்டத்தில் பலருக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. 'ஆமா, ஆமா' என்று தலைகள் அசைந்தன. மேளம் மறுபடியும் முழங்கியது. அஃப்ரா மட்டும் அந்த அணைப்பிலிருந்து விலகி நின்றாள். வழுக்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குத்துப்பட்டிருந்தால் வேறு பேச்சே இல்லை. வேண்டுமென்றே விழுந்திருந்தால்? வழிவிடுவது என்ன செய்யும் என்பதை அவளைவிட அறிந்தவர் அக்களத்தில் எவரும் இல்லை.

மாலைப் பேருந்துக்கு அஃப்ராவும் பாஷாவும் நின்றபோதும் சேட்டின் கடையில் வழக்கு ஓயவில்லை. தோற்காதவள் என்று சிலர். பாதி தோற்றவள் என்று சிலர். ஓய்வு பெற்ற பிறகு விழுந்தால் கணக்கில் வராது என்று சிலர். சேட்டு ஒவ்வொரு கட்சிக்கும் டீ ஆற்றிக் கொடுத்தார். ராக்கெட்டின் படத்துக்குப் பக்கத்தில் அமுதவல்லியின் படத்தை மாட்டுவதற்கு ஓர் ஆணியும் அடித்து வைத்திருந்தார். "ஆணி ரெடி. தீர்ப்பு வரட்டும்," என்றார்.

அமுதவல்லி ஈரத் தலையோடு பேருந்து நிற்குமிடத்துக்கு ஓடி வந்தாள். காதோரத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது.

அஃப்ரா அவளைத் தனியே இழுத்தாள். "வேணும்னே வுயுந்தியா?"

"பைத்தியமாடி உனக்கு?"

"உங்கம்மா சொல்றாங்க."

"எங்கம்மா நான் காய்ச்சல்ல படுத்தப்போகூட, டெல்லிக்குப் போகப் புடிக்காம படுத்துகீறேன்னாங்க." சொல்லிவிட்டு அமுதவல்லி நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "அது நெசமா காய்ச்சல்தான்டி. நெசமாத்தான். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே சில நேரம்..."

பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. வளைவைச் சுற்றி அதன் நெற்றி தெரிந்தது.

"வெள்ளிக்கிழம கீழ வர்றேன்," என்றாள் அமுதவல்லி திடீரென்று. "ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் போயிருப்பாங்க. கிடங்கு காலியாத்தான இருக்கும்?"

"இருக்கும்."

"தரை காஞ்சிருக்குமா?"

"கிடங்குல எவன்டி மஞ்சத் தண்ணி ஊத்தப் போறான்?"

அப்போதுதான் இருவரும் சிரித்தனர். பேருந்து வந்து நின்று, தந்தையும் மகளும் ஏறி, அது புறப்படும்வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. முதல் கொண்டையூசி வளைவில் அது அடங்கிவிட்டது.

யாரும் பார்க்காத இடத்தில் தெரிந்துகொண்டால், அது தெரிந்துகொண்டதாகுமா? தான் வென்றால் அதை எவரிடம் சொல்வது? சொல்லாமல் இருந்தால், மலைமேல் அமுதவல்லி தோற்காதவளாகவே சுவரில் தொங்குவாள். அப்படியாயின் அதுவும் ஒரு வழிவிடல்தானே? தான் தோற்றுவிட்டால்? அஃப்ரா பையைத் திறந்து இடக்கைக் கையுறையை எடுத்தாள். மஞ்சள் காய்ந்து தோலில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் துப்பட்டா நுனியால் துடைக்கப் போனாள், துடைக்கவில்லை.

பாஷா பக்கத்தில் கண் திறந்திருந்தார்.

"அத்தா, வெள்ளிக்கிழம அமுதா வர்றா. கிடங்குக்கு. நாங்க ரெண்டு பேரு மட்டும்."

"ம்."

"நீங்க ஜும்மாவுக்குப் போய்டுங்க. நடுவர் வேணாம்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். கூடத்தின் விதியை நினைவூட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவள் மடியிலிருந்த கையுறையை வாங்கி, தாம் போட்ட தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். மஞ்சளின் விளிம்பில் விரலை நிறுத்தினார்.

"அப்ப யாராச்சும் வுயுந்தா," என்றார், "யாரு எண்ணுவாங்க?"

பேருந்து அடுத்த வளைவில் திரும்பியது. அஃப்ரா கையை நீட்டிக் கையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.